தருமமும் கணக்கும்: வன்னியில் முதியோர் இல்லம் தேடும் குடும்பங்கள் அறியவேண்டியவை

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலத்தில், வயதான தாயையோ தந்தையையோ வீட்டுக்கு வெளியே ஓர் இல்லத்தில் சேர்ப்பது அண்மைக் காலம் வரை குடும்ப மானத்தைப் பாதிக்கும் செயலாகவே பார்க்கப்பட்டது. சீதனமாகக் கொடுத்த வீட்டில் மகளோடு பெற்றோரும் தங்கிவிடுவதும், அயலில் குடியிருக்கும் மகன்மார் வயலையும் வைத்தியச் செலவையும் பொறுப்பெடுத்துக்கொள்வதும் இங்கே எழுதப்படாத ஏற்பாடாக இருந்தன. போர் அந்த ஏற்பாட்டைக் குலைத்தது. பிள்ளைகளில் ஒருவர் இறந்து, ஒருவர் காணாமலாக்கப்பட்டு, எஞ்சியவர் கனடாவிலோ பிரான்சிலோ வாழும் குடும்பங்கள் இன்று வன்னியெங்கும் உள்ளன. ஊரில் இருக்கும் மகளும் மருமகளும் ஆடைத் தொழிற்சாலை வேலைக்கோ மத்திய கிழக்குக்கோ போய்விட்ட வீடுகளில் முதியவர் பகல் முழுவதும் தனித்தே இருக்கிறார்.

நாடு முழுவதும் முதுமையடைந்து வருவது இந்நிலையை மேலும் கடுமையாக்குகிறது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இலங்கைச் சனத்தொகையில் 7.9 வீதமாக இருந்த 65 வயதும் அதற்கு மேற்பட்டதுமான பிரிவினர், 2024ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் 12.6 வீதமாக உயர்ந்துள்ளனர். முதியவர்கள் பெருகும் வேகத்துக்கு ஏற்பப் பராமரிப்பு இடங்கள் பெருகவில்லை. அதிலும் நாட்டிலேயே மிகக் குறைந்த சனத்தொகையைக் கொண்ட முல்லைத்தீவு போன்ற மாவட்டத்தில், கட்டணம் செலுத்தத் தயாராக உள்ள குடும்பத்துக்கும் தெரிவுகள் குறைவு. இதனால் இடம் கிடைத்தாலே போதும் என்ற மனநிலையோடு குடும்பங்கள் இல்லத்தின் வாசலுக்கு வருகின்றன. இலவசமாக ஏற்றுக்கொள்ளும் இடத்தில் கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் என்ற தயக்கமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. இந்தத் தயக்கத்தைக் கடப்பதே நல்ல தெரிவின் முதற்படி என்பதையும், தருமமாக நடத்தப்படும் இல்லமும் பொறுப்புக்கூற வேண்டிய இல்லமே என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இல்லங்களின் வகைகள்

வன்னி மக்களுக்கு எட்டக்கூடிய பராமரிப்பு இடங்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது அரச இல்லம். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி சமூக சேவைகள் மாகாண சபைக்குரிய விடயங்களுள் ஒன்றாதலால், யாழ்ப்பாண மாவட்டத்தின் கைதடியில் அமைந்துள்ள அரச முதியோர் இல்லம் வடமாகாணச் சமூக சேவைகள் திணைக்களத்தின் கீழ் இயங்குகிறது; ஆதரவற்ற முதியவர்களை நோக்கமாகக் கொண்ட இத்தகைய இல்லத்துக்கு வன்னியிலிருந்து விண்ணப்பிக்கும் குடும்பம், ஏ9 வீதியால் நெடுந்தூரம் பயணம் செய்து பார்க்கப் போகவேண்டியிருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுக்கவேண்டும்.

இரண்டாவது, கோவில்களும் திருச்சபைகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் இல்லங்கள். வவுனியா கோவில்குளம் சிவன் கோவிலைச் சார்ந்து இயங்கிவரும் சிவன் முதியோர் இல்லம் இவ்வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். 2009இல் போரின் இறுதிக் கட்டத்திலிருந்து வெளியேறி வவுனியாவின் முகாம்களில் தடுத்துவைக்கப்பட்ட மக்களுள், 60 வயதைக் கடந்தவர்கள் மற்றவர்களுக்கு முன்னதாக வெளியேற அனுமதிக்கப்பட்டபோது, அழைத்துச்செல்ல உறவினர் இல்லாதவர்களுக்கு இத்தகைய தருமப் பணிகளே புகலிடமாயின. குடும்பம் இருந்தும் பராமரிக்க ஆளில்லாதவர்கள் பிற்காலத்தில் இவற்றை நாடத் தொடங்கியபோதும், ஆதரவற்றோருக்கான அடைக்கலம் என்ற பழைய நோக்கமே இவற்றில் பலவற்றின் அமைப்பையும் ஆளணியையும் இன்றும் தீர்மானிக்கிறது.

மூன்றாவது வகை, மாதக் கட்டணம் பெற்றுத் தங்குமிடமும் உணவும் உதவியும் வழங்கும் தனியார் இல்லம். நான்காவது, தாதியர் கண்காணிப்போடு கூடிய தாதியப் பராமரிப்பு இல்லம். அதாவது காயங்களுக்கு மருந்து கட்டுதல், குழாய்வழி உணவூட்டல், சிறுநீர்க் குழாய் பராமரித்தல், இன்சுலின் ஏற்றுதல் போன்ற வேலைகளைப் பயிற்சி பெற்ற தாதியர் செய்யும் இடம். பெயர்ப்பலகையில் எல்லா இல்லங்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும், முதல் மூன்று வகைகளும் பெரும்பாலும் தங்குமிடப் பராமரிப்பையே தருகின்றன. நோயாளியைப் பேணும் ஆற்றல் அவற்றுக்கு இருக்கும் என்று எதிர்பார்ப்பது பிழையான தெரிவுக்கு வழிவகுக்கும்.

முதலில் முதியவரின் தேவையைக் கணித்தல்

இல்லத்தைப் பார்க்கப் புறப்படுமுன் முதியவருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்பதைக் குடும்பம் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். இதற்கு மருத்துவ உலகில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்ட அந்த அளவுகோல், குளித்தல், உடை மாற்றுதல், மலசலகூடத்துக்குச் சென்று வருதல், படுக்கையிலிருந்து எழுந்து கதிரையில் அமர்தல், மலசலத்தைக் கட்டுப்படுத்துதல், தானே உண்ணுதல் ஆகிய ஆறு அன்றாடச் செயல்களில் எவற்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய முடிகிறது என்று பார்க்கிறது. ஆறையும் தானே செய்யக்கூடியவருக்குத் துணையும் நேரத்துக்கு உணவும் இருந்தாலே போதுமானதாக இருக்கும். இரண்டு மூன்றில் உதவி வேண்டியவருக்கு இரவிலும் விழித்திருக்கும் பராமரிப்பாளர் தேவை. பெரும்பாலானவற்றில் பிறரையே நம்பியிருப்பவருக்குத் தாதியப் பராமரிப்பு இல்லாத இடம் பொருந்தாது.

உடல் நிலைக்கு அப்பால் மறதிநோயையும் தனியாகக் கவனிக்கவேண்டும். மறதிநோய் என்பது வயதானால் இயல்பாக வரும் ஞாபகக் குறைவு என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அது மூளையைப் பாதிக்கும் நோய்களின் விளைவாக நினைவும் இடமும் நேரமும் படிப்படியாகக் குழம்பிப்போகும் நிலையாகும். இந்நிலையிலுள்ள ஒருவர் பழைய வளவைத் தேடிப் படலையைத் திறந்துகொண்டு வெளியேறக்கூடும் என்பதால், காட்டையோ குளத்தையோ பிரதான வீதியையோ அண்டிய இல்லங்களில் அவரைச் சேர்ப்பதற்கு முன், அவரைக் கட்டிவைக்காமலும் அறையில் பூட்டிவைக்காமலும் பாதுகாக்கும் வழி அங்கே உள்ளதா என்று கேட்டறிய வேண்டும்.

வன்னிக்கே உரிய இன்னொரு பிரிவினரும் உளர். முள்ளந்தண்டு வடத்தில் காயமடைந்து இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தவர்களும், எறிகணைச் சிதறல்களை உடலில் சுமந்தபடி வாழ்பவர்களும், அவயவங்களை இழந்தவர்களும் இப்போது நடுத்தர வயதைக் கடந்துகொண்டிருக்கின்றனர். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்காக வன்னியில் இயங்கும் உயிரிழை அமைப்பும், மாங்குளம் வைத்தியசாலையின் மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவும் இவர்களின் தேவைகளை நன்கு அறிந்தவை. உடலின் ஒரே பகுதி நெடுநேரம் அழுத்தப்படுவதால் தோலும் தசையும் அழுகி உண்டாகும் படுக்கைப் புண் இத்தகையோரின் உயிருக்கே உலைவைக்கக்கூடியது. படுக்கையில் கிடப்பவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க ஆளணி இல்லாத இல்லம், எவ்வளவு அன்பான இல்லமாக இருந்தாலும், அவருக்கு ஏற்ற இல்லம் ஆகாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

இலங்கையில் முதியோரின் உரிமைகளுக்கு அடிப்படையாக இருப்பது 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமாகும். 2011இல் திருத்தப்பட்ட இச்சட்டத்தின் கீழ் 60 வயதை அடைந்தவர் முதியவராகக் கருதப்படுகிறார். தேசிய முதியோர் சபையும் தேசிய முதியோர் செயலகமும் இதன் வழியாகவே செயற்படுகின்றன. ஐந்துக்கும் மேற்பட்ட முதியவர்களுக்குத் தங்குமிடப் பராமரிப்பு வழங்கும் எந்த நபரும் அமைப்பும், அது தருமத்துக்காக நடத்தப்பட்டாலும் கட்டணத்துக்காக நடத்தப்பட்டாலும், பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது இச்சட்டத்தின் முக்கியமான ஏற்பாடாகும். ஆகவே, பதிவு இருக்கிறதா என்று கேட்பது சந்தேகத்தின் வெளிப்பாடு ஆகாது. அது சட்டம் எதிர்பார்க்கும் கேள்வியே ஆகும்.

தாதியப் பராமரிப்பு இல்லங்களுக்கு இன்னொரு சட்டமும் பொருந்தும். தனியார் வைத்தியசாலைகளையும் தாதியப் பராமரிப்பு இல்லங்களையும் ஒழுங்குபடுத்துவதற்காக இயற்றப்பட்ட 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம், அவற்றைத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையின் கீழ்க் கொண்டுவருகிறது. எனவே மருத்துவப் பராமரிப்பு தருவதாகக் கூறும் இல்லத்திடம் இந்தப் பதிவைப் பற்றியும் விசாரிக்கவேண்டும். அங்கே தாதியர் எனச் சொல்லப்படுபவர்கள் இலங்கைத் தாதியர் சபையில் பதிவு பெற்றவர்களா, அல்லது தேசிய தொழில் தகைமையின்படி பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்களா, அல்லது அனுபவத்தால் மட்டும் பழகியவர்களா என்பதையும் பிரித்தறிவது அவசியம். மூன்றாம் வகையினரும் நல்ல பணி செய்யக்கூடும். ஆயினும் ஊசி ஏற்றும் பொறுப்பை அவர்களிடம் விடமுடியாது.

இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணைக்குழு என்ற அமைப்பு, ஒவ்வோர் இல்லத்தையும் பரிசோதித்து நான்கு படிநிலைகளில் தரமிட்டு, அறிக்கையை எவரும் வாசிக்கும்படி வெளியிடுகிறது. இலண்டனில் இல்லமொன்றின் பரிசோதனை அறிக்கையைப் படித்துவிட்டுப் பெற்றோருக்கு இடம் தேடிப் பழகிய புலம்பெயர் பிள்ளைகள், வன்னியில் அத்தகைய அறிக்கையைத் தேடுவதைவிட, உரிய பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரையோ முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையோ, மாகாணச் சமூக சேவைகள் திணைக்களத்தையோ நேரடியாக அணுகி விசாரிப்பதே பயனளிக்கும். இல்லம் அமைந்துள்ள பிரிவின் கிராம அலுவலரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அவ்விடத்தைப் பற்றி அறிந்து வைத்திருக்கக்கூடும்.

நேரில் பார்க்கும்போது கவனிக்கவேண்டியவை

புதிய கட்டடமும் பளபளக்கும் தரையும் பார்வையாளரைக் கவரும். ஆனால் வழுக்கும் தரை முதியவரின் இடுப்பெலும்பை முறிக்கும். குளியலறையில் பிடித்து நிற்கக் கைபிடி உண்டா, குந்தி இருக்க முடியாதவருக்குக் கொமட் உண்டா, படுக்கையிலிருந்து மலசலகூடத்துக்கு இரவில் வெளிச்சத்தோடு கூடிய மேடுபள்ளமற்ற வழி உண்டா, சக்கர நாற்காலி நுழையுமளவுக்குக் கதவு அகலமா என்பவையே முதலில் பார்க்கவேண்டியவை. வன்னியின் கடும் வெப்பத்தில் தகரக் கூரையின் கீழ் மதியப் பொழுதைக் கழிப்பது இருதய நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் ஆபத்தானது என்பதால், காற்றோட்டத்தையும் மின்தடை வரும்போது செய்யப்படும் மாற்று ஏற்பாட்டையும் கேட்டறிய வேண்டும். நாட்பட்ட சிறுநீரக நோய் பதிவாகியுள்ள பிரதேசங்கள் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருப்பதால், குடிநீர் கிணற்றிலிருந்து நேரே வருகிறதா, சுத்திகரிக்கப்பட்டு வருகிறதா என்ற கேள்வியும் முக்கியமானது.

2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஏற்பட்ட பெருவெள்ளம், தாழ்ந்த நிலத்திலும் குளங்களின் கீழ்ப்புறத்திலும் அமைந்த குடியிருப்புகள் எவ்வளவு விரைவாக நீரில் மூழ்கும் என்பதைக் காட்டியது. எழுந்து நடக்க முடியாத பலர் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில், வெள்ளம் வரும் இரவில் யார் யாரைத் தூக்குவது, எந்த வாகனத்தில் எங்கே கொண்டுசெல்வது என்ற திட்டம் இருக்கவேண்டும்.

இல்லத்தின் உண்மையான நிலையைப் பகல் பத்து மணிக்கு அறிவித்துவிட்டுச் செல்லும் வருகையில் காண்பது கடினம். மாலை விளக்கேற்றும் நேரத்திலோ இரவு உணவு வேளையிலோ ஒருமுறையும், வார இறுதியில் ஒருமுறையும் செல்வது நல்லது. சிறுநீர் வாடை வீசுகிறதா, முதியவர்களின் நகங்களும் தலைமுடியும் பேணப்பட்டிருக்கின்றனவா, அவர்கள் தங்கள் சொந்த உடையில் இருக்கிறார்களா, பராமரிப்பாளர்கள் அவர்களை 'ஐயா', 'அம்மா', 'அப்பு', 'ஆச்சி' என்று முறையோடு அழைக்கிறார்களா, அல்லது குழந்தைகளை அதட்டுவதுபோல் அதட்டுகிறார்களா என்பவை கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத சான்றுகள். இரவில் எத்தனை முதியவர்களுக்கு எத்தனை பராமரிப்பாளர்கள் விழித்திருக்கிறார்கள் என்ற ஒரே கேள்விக்குக் கிடைக்கும் பதில், இல்லத்தின் ஆற்றலைப் பற்றி வேறு எதையும்விட அதிகமாகச் சொல்லும். அங்கு வாழும் முதியவர்களோடு நிர்வாகி அருகில் இல்லாத நேரத்தில் சற்றே உரையாட அனுமதி மறுக்கப்படுமானால், அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

உணவும் வழிபாடும் மொழியும் முதியவரின் வாழ்வில் சிறிய விடயங்கள் ஆகா. சைவ உணவு மட்டும் உண்பவருக்கும், மீன் இல்லாமல் சோறு இறங்காத கரையோரத்தவருக்கும், ஹலால் உணவு வேண்டிய முஸ்லிம் முதியவருக்கும், வவுனியாவில் வாழும் சிங்களம் பேசும் முதியவருக்கும் இல்லம் என்ன ஏற்பாடு செய்கிறது என்று கேட்கவேண்டும். மதத் தொண்டு நிறுவனம் நடத்தும் இல்லத்தில் பிற மதத்தவர் தமது வழிபாட்டைத் தொடர முடியுமா என்பதையும் சேருமுன்பே தெளிவாக்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

கிளினிக்கும் வைத்தியசாலையும்

வன்னியிலுள்ள முதியவர்களில் நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இருதய நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் மாதந்தோறும் மருந்து பெறுபவர்கள். முதியவர் இல்லத்துக்கு இடம் மாறும்போது கிளினிக் கொப்பியும் அவரோடு செல்லவேண்டும். கிளிநொச்சி, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளுக்கோ மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அவரைக் கூட்டிச்செல்பவர் யார், வாகனச் செலவு யாருடையது, குளிசைகளை வேளாவேளைக்குக் கொடுத்துப் பதிவேட்டில் குறிப்பவர் யார் என்பவற்றை எழுத்தில் பெறவேண்டும். அவசர நேரத்தில் 1990 இலக்கத்தை அழைத்தால் வரும் இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை வடமாகாணத்தில் 2018 முதல் இயங்குகிறது. ஆனால் வண்டி வந்து ஏற்றிச்சென்ற பின் விடுதியில் முதியவருக்குத் துணைக்கு நிற்க ஒருவர் வேண்டும். இல்லத்தின் பராமரிப்பாளர் வருவாரா, உறவினர் வரவேண்டுமா, கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டுமா என்பது நடுஇரவில் தொலைபேசியில் தீர்க்கக்கூடிய பிரச்சினை ஆகாது.

இறுதிக்காலம் குறித்த கேள்வியைத் தமிழ்க் குடும்பங்கள் அபசகுனமாக எண்ணித் தவிர்த்துவிடுகின்றன. நோயைக் குணப்படுத்த இயலாத கட்டத்தில் வலியையும் மூச்சுத்திணறலையும் தணித்து, எஞ்சிய நாள்களை அமைதியாகக் கழிக்கச்செய்யும் மருத்துவம் நோய்த்தணிப்புப் பராமரிப்பு எனப்படுகிறது. அந்தக் கட்டத்தில் இல்லம் முதியவரை வைத்திருக்குமா, வீட்டுக்கு அனுப்பிவிடுமா, இறப்பு நேர்ந்தால் ஈமக்கிரியைகள் எங்கே எவரால் நடத்தப்படும், வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்துசேரும்வரை உடலைப் பேணும் ஏற்பாடு என்ன என்பவற்றை முன்கூட்டியே பேசியிருந்த குடும்பம், துயர நேரத்தில் வீண் மனக்கசப்பிலிருந்து தப்பிக்கொள்ளும்.

பணமும் காணியும் கையொப்பமும்

கட்டண இல்லமாயின் மாதக் கட்டணத்துக்குள் அடங்குபவை எவை, பம்பர்ஸ், மருந்து, வாகனம், விசேட உணவு ஆகியவற்றுக்குத் தனியே அறவிடப்படுமா, முற்பணம் திருப்பித் தரப்படுமா, முதியவர் இறந்தாலோ வேறிடம் சென்றாலோ கணக்கு எப்படி முடிக்கப்படும் என்பவை ஒப்பந்தத்தில் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இலவச இல்லமாயினும் முதியவருக்குக் கிடைக்கும் பணம் முதியவருடையதே. ஓய்வூதியத்துக்கும், குறைந்த வருமானம் கொண்ட முதியவர்களுக்கு 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்ட மாதாந்தக் கொடுப்பனவுக்கும் கணக்கு வைப்பவர் யார், வங்கி அட்டை எவர் கையில் இருக்கிறது என்பதில் மறைவு இருக்கக்கூடாது. போரில் ஆவணங்களை இழந்தவர்களும், இனக் கலவரங்களால் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் குடியேறியவர்களில் பிறப்புப் பதிவு இல்லாதவர்களும், உத்தேச வயதுச் சான்றிதழையும் தேசிய அடையாள அட்டையையும் பெற்றுக்கொள்ளாமல் இல்லத்தில் சேர்ந்துவிட்டால், பின்னர் எந்த உதவியையும் பெறுவது கடினமாகும்.

காணி விடயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. குடியேற்றத் திட்டங்களால் உருவான வன்னிக் கிராமங்கள் பலவற்றில் மக்கள் வைத்திருப்பது உறுதிக் காணியன்று; 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி, அதாவது மக்கள் வழக்கில் 'பேர்மிற் காணி'. அத்தகைய காணியை உரிய அதிகாரியின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது; அனுமதிப்பத்திரக்காரர் பெயர் குறித்துப் பின்னுரித்தாளரை நியமிக்கலாம். உறுதிக் காணியை நன்கொடையாக எழுதுபவரோ, தாம் உயிரோடிருக்கும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தை வைத்துக்கொண்டே எழுதமுடியும். இல்லத்தில் இடம் தருவதற்கு நிபந்தனையாகக் காணியையோ நகையையோ எழுதித் தரும்படி கேட்கும் எவரிடமும் முதியவரை ஒப்படைக்கக்கூடாது. உறவினர் ஒருவரே காணியை எழுதி வாங்கிக்கொண்டு முதியவரை இல்லத்தில் விட முயலும்போதும், தனியான சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையை முதியவர் பெறவேண்டும். தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்துப் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரும் உரிமையையும் உடையவர்கள்.

கொடையாளரும் நிழற்படமும்

வன்னியின் இல்லங்கள் பல புலம்பெயர்ந்தோரின் கொடையில் தங்கியிருக்கின்றன. பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் ஒருநேர உணவுக்குப் பணம் அனுப்பும் வழக்கம் பல அடுப்புகளை எரியவைத்திருப்பது உண்மை. ஆனால் அவ்வழக்கத்துக்கு இரண்டு பக்க விளைவுகள் உண்டு. பாயசமும் வடையும் அடுத்தடுத்த நாள்களில் பரிமாறப்படும்போது நீரிழிவு நோயாளியின் குருதிச் சர்க்கரை கட்டுமீறும். சம்பளத்துக்கும் மருந்துக்கும் பம்பர்ஸுக்கும் பணம் இல்லாத அதே மாதத்தில் விருந்துக்கு மட்டும் பணம் நிறைந்திருக்கும். மேலும், கொடையாளருக்கு அனுப்புவதற்காக முதியவர்களைத் தட்டோடு வரிசையில் இருத்திப் படமெடுத்து முகநூலில் இடுவது அவர்களின் மானத்தைப் பாதிக்கிறது. படமெடுக்க முதியவரின் சம்மதம் கேட்கப்படுகிறதா என்று விசாரிப்பது, அந்த இல்லம் அவரை உரிமையுள்ள மனிதராக நடத்துகிறதா என்பதை அறியும் எளிய வழி. கொடை வழங்குவோரும் ஒருநேர விருந்துக்குப் பதிலாக ஓர் இரவுநேரப் பராமரிப்பாளரின் மாதச் சம்பளத்தைப் பொறுப்பேற்பார்களாயின் பயன் பன்மடங்காகும்.

முதியவரின் சம்மதம்

இவ்வளவு விசாரணைக்கும் பின்னர் எஞ்சும் கேள்வி, போகவிருப்பவர் போக விரும்புகிறாரா என்பதாகும். வன்னியில் இக்கேள்விக்குத் தனியான கனம் உண்டு. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாகத் தொடங்கிய தொடர் போராட்டத்தில் பங்கேற்ற பெற்றோர் பலர் முதியவர்கள். அவர்களுள் பதிலறியாமலே இறந்தோரும் உளர். பிள்ளை திரும்பி வந்தால் தேடிவரும் முகவரி இந்த வீடுதான் என்று நம்பியிருக்கும் தாய்க்கு, வீட்டைப் பூட்டிவிட்டு இல்லத்துக்கு வருவது அந்த நம்பிக்கையைக் கைவிடுவதற்குச் சமம். அவரை வற்புறுத்திச் சேர்ப்பதால் பாதுகாப்புக் கிடைக்கலாம். ஆனால் உண்ண மறுப்பதும் மனச்சோர்வும் அதனால் உண்டாகக்கூடும். வீட்டை அயலவர் பொறுப்பில் திறந்து வைத்தல், நினைவு நாள்களில் ஊருக்குச் சென்றுவர இல்லத்திடம் முன்கூட்டியே உடன்பாடு பெறுதல், பிள்ளையின் படத்தையும் ஆவணங்களையும் உடன்வைத்திருக்க இடந்தருதல் ஆகியவற்றால் அந்தத் துயரைக் கொஞ்சமாவது மதிக்கலாம். இரண்டு கிழமையோ ஒரு மாதமோ தங்கிப் பார்த்துவிட்டு, விருப்பமில்லையாயின் திரும்பிவரலாம் என்ற உறுதியோடு அனுப்புவது, ஒரேயடியாகக் கொண்டுபோய் விடுவதைவிட எல்லா வகையிலும் சிறந்தது.

இல்லமே ஒரே வழி என்று முடிவெடுக்குமுன் மாற்று வழிகளையும் எண்ணிப்பார்க்க வேண்டும். பயிற்சி பெற்ற வீட்டுப் பராமரிப்பாளரை அமர்த்துதல், பகல் வேளையில் மட்டும் முதியவர்கள் கூடிப் பொழுதைக் கழிக்கும் பகல்நேர நிலையங்கள், கிராம மட்டத்தில் இயங்கும் முதியோர் சங்கங்கள் ஆகியவை, எழுந்து நடமாடக்கூடியவரை அவருடைய வளவிலேயே மேலும் சில ஆண்டுகள் வாழவைக்கக்கூடும். 1986இல் தொடங்கப்பட்ட ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா போன்ற அமைப்புகள் முதியோர் நலனுக்காக நெடுங்காலம் பணியாற்றிவருகின்றன. அவற்றின் சேவைகள் குறித்தும் பிரதேச செயலகங்களில் விசாரிக்கலாம்.

இல்லத்தில் சேர்த்த பின்னரும் குடும்பத்தின் கடமை முடிவதில்லை. அடிக்கடி சென்று பார்க்க உறவினர் உள்ள முதியவரையே பராமரிப்பாளரும் கூடுதலாகக் கவனிப்பர் என்பது உலகெங்கும் உள்ள அனுபவம். ஊரிலுள்ளவர் மாதத்துக்கு இருமுறையாவது நேரில் செல்வதும், வெளிநாட்டிலுள்ளவர் ஒழுங்காகக் காணொளி அழைப்பில் பேசுவதும், உடல் மெலிவு, காயத் தழும்பு, காரணமற்ற பயம், திடீர் மௌனம் ஆகியவற்றைக் கவனிப்பதும், குறை கண்டால் முதலில் நிர்வாகத்திடமும் பயனில்லையாயின் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் முறையிடுவதும் குடும்பத்தின் பொறுப்பு. செல்ல உறவினரே இல்லாத முதியவர்களுக்காக, அவ்வூரின் முதியோர் சங்கமும் ஆலய பரிபாலன சபையும் பாடசாலைப் பழைய மாணவர்களும் முறைவைத்துச் சென்று பார்க்கும் வழக்கத்தை உருவாக்கவேண்டும். இலவசமாகப் பராமரிக்கப்படும் முதியவருக்கும் கட்டணம் செலுத்தும் முதியவருக்கும் சட்டம் தரும் உரிமை ஒன்றே. அந்த உரிமையை நினைவூட்டிக் கேட்பதற்கு வெளியே இருந்து ஒருவராவது தவறாமல் வந்துபோவதே, வன்னியில் எந்த இல்லத்தையும் நல்ல இல்லமாக வைத்திருக்கும் முதன்மையான காவல்.